கரும்பலகையில் எழுதாத சொல்

(ஒன்றிய அளவில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த பணியிடைப் பயிற்சியில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதியம் முதல் பாடவேளையில் ஆங்கில இலக்கணம் நடத்திப் பழகியவன் என்பதால் எனக்குப் பயமில்லை. தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். முன்வரிசையில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்திருங்கள், போதும்.

நான் 32 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். முதலில் இடைநிலை ஆசிரியர், பிறகு ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர். அதில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஒரே முறையில்தான் பாடம் நடத்தினேன். வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் அருஞ்சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். பாடத்துக்குப் பதினைந்து சொல். பிள்ளைகள் அழகாக எழுதிக்கொள்வார்கள். பிறகு பாடத்தை நான் வாசித்து, வரிக்கு வரி தமிழில் சொல்லி, கேள்விக்கான பதிலை அடைப்புக்குறி போட்டுக் காட்டி முடிப்பேன். தேர்ச்சி விழுக்காடு நன்றாகவே இருந்தது. பாராட்டும் கிடைத்தது.

ஒருநாள் மாலை பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 91 மதிப்பெண் வாங்கியவள். செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கையில் தடிமனான ஒரு புத்தகம். "சார், நீங்க போர்டுல எழுதிப் போட்ட வார்த்தை எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு. எழுதிப் போடாத வார்த்தை வந்தா என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பாளே, அதே குரலில்தான் கேட்டாள். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, படிப்பை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பதாக வாசலில் நின்று சொன்னாள்.

அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. "அகராதி பாரும்மா" என்றேன். "பக்கத்துக்கு நாற்பது வார்த்தை பாக்கணும் சார்" என்றாள். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை நான் முதலில் தமிழில் சோதித்துப் பார்த்தேன். மறுநாள் ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் இப்படி எழுதினேன்: 'பாட்டி கொல்லையில் கிடந்த நான்கு தெவிளிகளை எடுத்துவந்து அடுப்பில் வைத்து ஊதினாள். புகை வந்ததே தவிரத் தீப்பிடிக்கவில்லை. மழையில் நனைந்துவிட்டது என்று முணுமுணுத்தாள்.' தெவிளி என்று தமிழில் ஒரு சொல் கிடையாது. முதல்நாள் இரவு நானே உண்டாக்கியது. தெவிளி என்றால் என்ன என்று கேட்டேன். பாதி வகுப்பு "விறகு" என்றது. "வறட்டி" என்றான் ஒருவன். "தென்னமட்டை சார், எங்க வீட்ல அதான் எரிப்போம்" என்றாள் ஒரு பெண். யாரும் "தெரியாது" என்று சொல்லவில்லை. யாரும் "சார், பொருள் எழுதிப் போடுங்க" என்றும் கேட்கவில்லை.

அதைவிட முக்கியமானது அடுத்தது. "தெவிளி என்றால் ஓடுவது, குதிப்பது போல ஒரு வேலையாக இருக்கலாமா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "தெவிளிகளைன்னு இருக்கே சார்" என்றான் ஒருவன். பெயர்ச்சொல், பன்மை, இரண்டாம் வேற்றுமை மூன்றையும் அந்த ஒரு பதிலில் சொல்லிவிட்டான். அந்தப் பெயர்களைக் கேட்டிருந்தால் விழித்திருப்பான். பொருளை ஊகிக்க இலக்கணம்தான் அவனுக்குக் கைகொடுத்தது, அவனுக்கே தெரியாமல்.

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதுபோல ஒன்றைச் செய்தார். பறவை போன்ற ஒரு சின்ன உருவத்தைச் சிறு குழந்தைகளிடம் காட்டி, "இது ஒரு வக்" என்று இல்லாத ஒரு பெயரைச் சொன்னார். பிறகு இரண்டு உருவங்களைக் காட்டி, "இப்போது இரண்டு..." என்று நிறுத்தினார். குழந்தைகள் "வக்ஸ்" என்று முடித்தார்கள். முன்பின் கேட்டிராத சொல்லுக்கு மனப்பாடம் உதவாது. விதி உள்ளே இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

படி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'படியில் உட்கார்ந்து படி', 'ஒரு படி அரிசி', 'சொன்னபடி வந்தான்'. இந்த நான்கு படிக்கும் எந்தத் தாயும் பொருள் எழுதிக் கொடுத்ததில்லை. ஆங்கிலச் சொல்லிலேயே பாருங்கள். 'மேட்ச் பார்த்தேன்' என்கிறோம், 'சட்டைக்கும் பேண்ட்டுக்கும் மேட்ச் ஆகலை' என்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்துப் பொருள் காணும் திறமையோடுதான் பிள்ளை முதல் வகுப்புக்கு வருகிறது. ஆங்கில வகுப்பில் நான் அதை உபயோகிக்கவே விடவில்லை. வாசிப்பதற்கு முன்னாலேயே பதினைந்து சொல்லுக்கும் பொருள் எழுதிப் போட்டுவிட்டால் பிள்ளை எதை ஊகிக்கும்?

சரி, தமிழில் முடிவது ஆங்கிலத்தில் ஏன் முடியவில்லை? அதே வகுப்பில் ஆங்கிலத்திலும் ஒரு பொய் வாக்கியம் எழுதினேன். 'தி ஸ்போலர் நிம்ட் த்ரீ ப்ளெட்ஸ் லோஷ்லி.' இதில் 'தி', 'த்ரீ' இரண்டைத் தவிர எதுவும் உண்மையான சொல் இல்லை. யார் செய்தது என்று கேட்டால் 'ஸ்போலர்' என்றார்கள். எத்தனை? மூன்று 'ப்ளெட்ஸ்'. எப்படிச் செய்தது? ஒரு பையன் தயங்கி, 'லோஷ்லி' என்றான். முன்னால் 'தி' வந்தால் பின்னால் ஒரு பெயர் வரும், கடைசியில் 'ஸ்' வந்தால் ஒன்றுக்கு மேல், வினையின் வாலில் 'ட்' ஒலி வந்தால் நடந்து முடிந்தது, 'லி' என்று முடிந்தால் பெரும்பாலும் எப்படி என்பதைச் சொல்லும். இத்தனையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சிதான்.

அந்த மகிழ்ச்சி வீட்டுக்குப் போகும்வரைகூட நிற்கவில்லை. பேருந்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. 'வாட் டிட் தி ஸ்போலர் நிம்?' என்று தேர்வில் கேட்டால் என் மாணவர்கள் 'தி ஸ்போலர் நிம்ட் த்ரீ ப்ளெட்ஸ்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஒரு சொல்லும் புரியாமல்! 91 மதிப்பெண் எப்படி வந்தது என்று அப்போது விளங்கியது. நான் கேட்ட கேள்விகள் எல்லாமே கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை எடுத்து எழுதினால் தீர்ந்துவிடும் கேள்விகள். நீங்கள் அடுத்த முறை வினாத்தாள் தயாரிக்கும்போது இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். பத்தியில் உள்ள முக்கியமான சொற்களை நீக்கிவிட்டுப் பொய்ச் சொற்களைப் போடுங்கள். அப்போதும் பதில் எழுத முடிகிறது என்றால் அந்தக் கேள்வியால் பயன் இல்லை.

இலக்கணத்துக்கு வருகிறேன். தமிழில் 'புலி மானைத் துரத்தியது' என்றாலும் 'மானைப் புலி துரத்தியது' என்றாலும் ஓடியது மான்தான். 'ஐ' உருபு மானோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மானை எங்கே தூக்கி வைத்தாலும் அதுவும் கூடவே போகும். ஆங்கிலத்தில் 'தி டைகர் சேஸ்ட் தி டீர்' என்பதில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் மான் புலியைத் துரத்தத் தொடங்கிவிடும். அங்கே உருபு இல்லை, இடம்தான் உருபு. இதை ஏழாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளை முன்னால் நிற்கவைத்து, ஆளுக்கொரு அட்டை கொடுத்து, இடம் மாற்றிக் காட்டினேன். பத்து நிமிட வேலை. 'எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்' என்று ஆண்டு முழுக்கச் சொல்லியும் ஏறாதது அன்று ஏறியது.

'ஹி டீச்சர்' என்று எழுதுகிற பிள்ளையை நாம் எத்தனை முறை திட்டியிருப்போம்! நான் நோட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 'அவர் ஆசிரியர்' என்ற தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே இருக்கிறது? இல்லை. தேவையும் இல்லை. பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை, தன் மொழியின் விதியை மிகச் சரியாகப் பின்பற்றியிருக்கிறது. "நம்ம ஊரில் இது முழு வாக்கியம். அங்கே நடுவில் ஓர் ஆள் வேண்டும், அவர் பெயர் 'ஈஸ்'" என்று சொன்னால் பிள்ளை சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். அதுபோலத்தான் 'வந்தாள்' என்ற ஒரு சொல்லில் ஒருத்தி, பெண், இறந்த காலம் எல்லாம் அடங்கிவிடுகிறது. 'கேம்' என்ற சொல்லில் காலம் மட்டும்தான் இருக்கிறது. வந்தது யார் என்று முன்னால் தேட வேண்டும். 'ஷி' என்று இருந்தால், அந்த 'ஷி' யார் என்று இன்னும் முன்னால் போய்த் தேட வேண்டும். பத்தியில் வரும் 'ஹி', 'ஷி', 'இட்', 'தே' ஒவ்வொன்றிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்குப் பென்சிலால் ஓர் அம்பு போடச் சொல்லுங்கள். பாதிப் பத்தி அதிலேயே புரிந்துவிடும்.

நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. 'பணக்காரராக இருந்தாலும் கந்தல் உடுத்தியிருந்தார்.' இதில் 'ஆனால் அப்படி இல்லை' என்ற திருப்பம் எங்கே இருக்கிறது? 'இருந்தாலும்' என்பதன் வாலில், அந்த 'ஆலும்' என்பதில். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்கிற 'ஆல்தோ' வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. 'வந்தால்' என்பதற்கு 'இஃப்', 'வராவிட்டால்' என்பதற்கு 'அன்லெஸ்', 'வரும்வரை' என்பதற்கு 'அன்டில்', 'வந்ததால்' என்பதற்கு 'பிகாஸ்'. தமிழில் வால், ஆங்கிலத்தில் தலை. நம் பிள்ளைகள் வாலைப் பார்த்துப் பழகியவர்கள். தலையில் நிற்கும் சொல்லை முன்னுரை மாதிரித் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாம் கரும்பலகையில் எதை எழுதுகிறோம்? 'மேக்னிஃபிசண்ட்', 'ட்ரிமெண்டஸ்' என்று நீளமான, பார்ப்பதற்குக் கம்பீரமான சொற்களை எழுதுகிறோம். 'தோ', 'அன்லெஸ்', 'ஈவன்', 'இன்ஸ்டெட்', 'எக்ஸெப்ட்' போன்ற சின்னச் சொற்களைத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறோம். என் பழைய பாடக்குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். 'ஆல்தோ' ஒரு இடத்தில்கூட இல்லை. நேர்மாறாகச் செய்திருக்க வேண்டும். நீளமான சொல் அந்தப் பாடத்தில் ஒருமுறை வரும், அடுத்து எப்போது வருமோ தெரியாது. சின்னச் சொல் பக்கத்துக்குப் பத்துமுறை வரும். நீளமான சொல்லின் பொருளைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே.

'ஆல்தோ ஹி வாஸ் ரிச், ஹி வோர் ஷாபி க்ளோத்ஸ்.' 'ஷாபி' தெரியாத பிள்ளைக்கு 'ரிச்' தெரிந்து, 'ஆல்தோ' தெரிந்தால் போதும். பணக்காரர், ஆனாலும் ஏதோ ஒரு மாதிரி உடை. "கிழிஞ்ச சட்டை", "அழுக்குச் சட்டை", "பழைய சட்டை" என்று மூன்று பதில் வரும். மூன்றும் சரிதான். 'ஆல்தோ' இருந்த இடத்தில் 'பிகாஸ்' என்று போட்டால்? பணக்காரர், அதனால் ஒரு மாதிரி உடை. இப்போது 'ஷாபி' என்றால் "பளபளப்பான" என்று சொல்வார்கள். சொல் அதேதான், உடையும் அதேதான். முன்னால் நின்ற ஒரு சின்னச் சொல் மாறியதில் பொருள் தலைகீழாகிவிட்டது. இதை எட்டாம் வகுப்பில் செய்து காட்டிய அன்று பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்ப அந்தக் குட்டி வார்த்தைக்குத்தான் சார் மீனிங் எழுதிப் போடணும்" என்றான். அவன் கேட்டபடியே, அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கரும்பலகையின் வலது ஓரத்தில் அவற்றை எழுதி வைத்திருந்தேன். அழிக்கிற பிள்ளைக்கும் அதை மட்டும் அழிக்கக் கூடாது என்று தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லாப் பாடத்தையும் ஊகிக்கச் சொல்லிவிடாதீர்கள். நான் அந்தத் தப்பையும் செய்தேன். உற்சாகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஒன்றைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். ஒரு பெண்ணின் தாளில் கோடு இல்லாத சொற்களை எண்ணுவது சுலபமாக இருந்தது. தெவிளி கதையில் தெரியாதது ஒரே ஒரு சொல். அதில் பாட்டி, கொல்லை, அடுப்பு, புகை, மழை எல்லாமே தெவிளி ஆகியிருந்தால் நீங்களும் நானும்கூட ஊகிக்க முடியாது. பால் நேஷன் என்று நியூசிலாந்தில் ஒரு மொழியியல் பேராசிரியர். அவரும் மார்செல்லா ஹூவும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் அளந்து பார்த்தார்கள். 100 சொல்லில் 20 தெரியாதபோது எவருக்கும் கதை போதிய அளவு புரியவில்லை. உதவி இல்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள 100க்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். நம் பாடநூல் பத்திகள் நம் பிள்ளைகள் பலருக்கு அப்படி இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அடிக்கடி வரும் சொற்களைத் தேடிச் சொல்லிக்கொடுப்பது. இந்த எண்ணம் நம் நாட்டோடு தொடர்புள்ளது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் அன்றைய வங்காளத்தில், டாக்காவில் கல்விப் பணியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்து, 1926இல் ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அவர்கள் முதலில் பெற வேண்டியது வாசிப்புத் திறன் என்பது அவர் வாதம். பின்னாளில், 1953இல், சுமார் 2000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அந்தப் பட்டியல் இன்று பழசாகிவிட்டது, புதியவை வந்துவிட்டன. ஆனால் எந்தச் சொல்லுக்கு வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டும் என்பதற்கு அவர் காட்டிய வழி பழசாகவில்லை. இன்னொரு வேலை, ஊகிப்பதற்கென்று ஒருபடி எளிய பத்தியைக் கொடுப்பது. எட்டாம் வகுப்புக்கு ஆறாம் வகுப்புப் பாடம். பிள்ளைகளுக்கு அவமானமாக இருக்குமோ என்று நினைத்தேன். அவர்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

வகுப்பில் எப்படிச் செய்வது என்று ஓர் உதாரணம். 'தி ஓல்ட் மேன் லீன்ட் ஆன் ஹிஸ் ஸ்டிக் அண்ட் லிம்ப்ட் ஹோம்.' 'லிம்ப்ட்' தெரியாது. முதலில் அது என்ன வகைச் சொல் என்று கேட்டேன். வாலில் 'ட்' இருக்கிறது, 'அண்ட்' முன்னால் 'லீன்ட்' என்று இன்னொரு வினை இருக்கிறது, ஆகவே இதுவும் வினை. யார் செய்தது? கிழவர். எங்கே? வீட்டுக்கு. "அப்படின்னா என்னடா?" என்றேன். "வந்தார் சார்" என்றான். பழைய நானாக இருந்தால் "தப்பு, உட்கார்" என்றிருப்பேன். "சரி, 'வந்தார்' பொருந்துது. சும்மா வந்தாரா?" என்றேன். வாக்கியத்தை மறுபடி பார்த்தான். 'ஸ்டிக்' மேல் விரல் வைத்தான். "கம்பு ஊனிக்கிட்டு... நொண்டிக்கிட்டே வந்தார்" என்றான். அந்தச் சொல்லை அவன் மறக்க மாட்டான். 'வந்தார்' என்பது பாதிச் சரி. ஊகத்தில் பாதிச் சரி என்று ஒன்று உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அடுத்தமுறை வாயைத் திறக்கும்.

ஊகத்தைத் தமிழில்தான் சொன்னான், கவனித்திருப்பீர்கள். ஆங்கில வகுப்பில் தமிழா என்று கேட்பவர்கள் உண்டு. பொருள் மனத்தில் விழுந்ததா என்று பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. தமிழில் சொன்ன பொருளை எடுத்து ஆங்கில வாக்கியத்தில் அந்தச் சொல் இருந்த இடத்தில் வைத்து, முழு வாக்கியமும் ஒட்டுகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒட்டினால் அகராதியைத் திறக்கலாம். அகராதி கடைசியில் வர வேண்டும், ஆனால் கட்டாயம் வர வேண்டும்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்பதையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நேஷனும் அதையேதான் சொல்கிறார். முதலிலேயே பிரித்துவிட்டால் பிள்ளை அந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தையே வளைத்துவிடும். 'ஷி ஈஸ் அன் அவுட்ஸ்டாண்டிங் ஸ்டூடண்ட்' என்ற வரிக்கு, "லேட்டா வந்ததுனால வெளியே நிக்கிற பொண்ணு" என்று என் வகுப்பில் விளக்கம் வந்திருக்கிறது. 'அவுட்', 'ஸ்டாண்டிங்' இரண்டும் தெரியும், பாவம். அதற்கு அடுத்த வரியில் தலைமையாசிரியர் அவளுக்குப் பரிசு கொடுக்கிறார். வெளியே நிற்கிறவளுக்கு ஏன் பரிசு என்று கேட்டதும் அவனே, "ஐயோ இல்ல சார்" என்று பின்வாங்கினான். 'ஹோட்டல்' என்றால் சாப்பிடும் இடம் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கதையில் ஒருவர் 'ஹோட்டலில்' இரண்டு நாள் தூங்கி எழுந்தால்தான் தெரிந்த சொல்லையும் சந்தேகப்படத் தோன்றும். தெரிந்த சொல்லைச் சந்தேகிக்கப் பழகுவது தெரியாத சொல்லை ஊகிப்பதைவிடக் கடினம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் வகுப்பில் படக்கதை காட்டும்போது ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லாமல், படத்தைப் பார்த்து என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். அவ்வளவு போதும். நேரம் இல்லை, பாடத்தை முடிக்க வேண்டும் என்கிற உயர்நிலை ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, பதினைந்து சொல்லில் பத்தை எழுதுங்கள், ஐந்தை விட்டுவையுங்கள். எந்த ஐந்து என்பதுதான் முந்தைய இரவு நாம் செய்ய வேண்டிய வேலை. 1979இலிருந்து ஐந்தாண்டு காலம் என்.எஸ். பிரபு தலைமையில் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், இலக்கணம் என்று தனியாக நடத்தாமல், இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்கு மாதிரிச் சிக்கல்களைத் தீர்க்கவைத்தே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வால், தலை வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடிவதை, பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவானேன்? ஆனால் கால அட்டவணை நல்ல யோசனை. நம் ஊர்ப் பேருந்து நேரங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் வருகிறேன். இரண்டு மாதம் கழித்து நானே அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். அவள் புத்தகத்திலேயே உட்கார்ந்தோம். 'தி ஸ்வெல்லிங் சப்சைடட் ஆஃப்டர் டூ டேஸ், அண்ட் தி பேஷண்ட் குட் வேர் ஹிஸ் ஷூஸ் அகெய்ன்' என்று ஒரு வரி. 'சப்சைடட்' தெரியாது. 'ஸ்வெல்லிங்' என்றால் வீக்கம் என்று தெரியும். ஷூவைக் காட்டினேன். 'அகெய்ன்' என்ற சொல்லைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தாள். "வீக்கம் வடிஞ்சிடுச்சு. அதான் மறுபடியும் ஷூ போட முடிஞ்சுது" என்றாள். அகராதியை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். 'வடிஞ்சிடுச்சு' என்று எந்த அகராதியிலும் இவ்வளவு நன்றாகப் போட்டிருக்காது.

ஆனால் அதே பக்கத்தின் கீழே 'ஹைப்போடென்ஷன்' என்று இருந்தது. உற்சாகத்தில், "பிரஷர் அதிகமா இருக்கிறது" என்று ஊகித்தாள். அதிகமாக இருந்தால் 'ஹைப்பர்', குறைவாக இருந்தால் 'ஹைப்போ'. வாக்கியத்தில் இரண்டில் எதை வைத்தாலும் பொருந்தும். இந்த இடத்தில் ஊகம் கூடாது, மருந்து பெயர், அளவு, நோயின் பெயர் இவற்றில் ஒருபோதும் கூடாது, அகராதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். ஊகிக்கச் சொல்லிக்கொடுக்கும்போதே எங்கே ஊகிக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு பக்கம்தான். பக்கத்துக்கு நாற்பது சொல் பார்த்தவள், அந்த ஆண்டு இறுதியில் பத்து, பன்னிரண்டு பார்த்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தாள். படிப்பை விடவில்லை.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது, ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கள் மேசையில் ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பத்தி ஒன்று தாளில் இருக்கிறது. பென்சிலை எடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கும் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து, அவற்றில் வாக்கியமே காட்டிக்கொடுக்கும் சொல் எவை, நாம் சொல்லியே ஆக வேண்டியவை எவை என்று பிரியுங்கள். சின்னச் சொற்களை விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு மேசையாக வருகிறேன்.